எண்ணியாச்சு, அப்புறம்?

1

74.

2025 ஜூலை 1 கணக்கெடுப்பின்படி சாலிஷ் கடலின் தெற்கத்தி ஆர்காக்கள் மொத்தமே இவ்வளவுதான். ஜே கூட்டத்தில் 27, கே கூட்டத்தில் 14, எல் கூட்டத்தில் 33. ஆய்வாளர்கள் 'சதர்ன் ரெசிடென்ட்' என்று அழைக்கும் இவற்றை நம் வசதிக்குத் தெற்கத்தி ஆர்காக்கள் என்றே வைத்துக்கொள்வோம். வான்கூவர் தீவுக்கும் வட அமெரிக்கப் பெருநிலத்துக்கும் நடுவே, கனடாவும் அமெரிக்காவும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் கடலில் தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, இடப்பக்கம் வலப்பக்கம் எடுத்த படங்கள் இருக்கின்றன. அம்மா யார், பாட்டி யார், எந்த வருஷம் பிறந்தது, எந்தக் குட்டியைப் பறிகொடுத்தது எல்லாமே பதிவில் உண்டு. நம் வீடுகளில் மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இந்த ஆர்காக்களின் குடும்ப மரம் அதைவிடத் தெளிவாக இருக்கிறது.

இப்போது இன்னொரு எண். 1970களின் நடுவில், இவற்றை முறையாக எண்ணத் தொடங்கியபோது இருந்தவை எழுபதைச் சுற்றி. இடையில் 1995இல் 98 வரை ஏறியது. அப்புறம் இறங்கியது. ஐம்பது வருஷமாகக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கை புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

நான் மென்பொருள் ஆள். பெரிய கணினி அமைப்புகளைக் கண்காணிப்பதுதான் சோறு போடும் வேலை. அதனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருவது துக்கம் மட்டும் இல்லை, தொழில்முறை எரிச்சலும் கூட. எங்கள் உலகத்தில் ஒரு அமைப்பு ஐம்பது வருஷம் சிவப்பு விளக்கு காட்டிக்கொண்டிருந்தால், 'ஆஹா, எவ்வளவு அருமையான விளக்கு' என்று யாரும் விருது கொடுக்க மாட்டார்கள். யார் பொறுப்பு என்று கேட்பார்கள்.

இந்தக் கட்டுரை திமிங்கலங்களை எண்ணுகிற விஞ்ஞானிகளுக்கு எதிரானது இல்லை. எண்ணுவதையே செயல் என்று காட்டி நேரம் கடத்துகிற அரசுகளுக்கு எதிரானது. அதற்கு இன்னும் நவீனமான கருவிகளைச் செய்து கொடுத்துவிட்டு இயற்கையைக் காப்பாற்றிவிட்டதாக மார்தட்டும் என் தொழில்காரர்களுக்கும் எதிரானது.

2

எண்ணுவது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் இந்தச் சண்டையைப் போட முடியாது. ஏனென்றால் அந்தக் கதையில் எண்ணிக்கை ஜெயித்தது.

1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சீமோர் நீரிணை ஓரத்தில் கனடாவின் மீன்வளத் துறை ஒரு இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தியது. சால்மனைத் தின்று தீர்க்கும் ஆர்காக்களைச் சுட. அது ஒருமுறைகூடச் சுடவில்லை என்பது வேறு விஷயம். மீனவர்கள் தங்கள் துப்பாக்கிகளால் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 'கொலைத் திமிங்கலம்' என்ற பெயரே அனுமதிச் சீட்டு மாதிரி. (உண்மையில் ஆர்கா, டால்ஃபின் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினர்.)

1964இல் வான்கூவர் மீன் காட்சிசாலை, ஆர்கா சிலை ஒன்று செய்வதற்கு மாதிரி வேண்டுமென்று ஒன்றை ஈட்டி எறிந்து கொல்ல ஆள் அனுப்பியது. அடிபட்ட ஆர்கா சாகவில்லை. அதைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்து 'மோபி டால்' என்று பெயர் வைத்துச் சுமார் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். பயங்கர மிருகம் என்று நினைத்தது சாதுவாக இருந்தது. மனிதர்கள் மனம் மாறினார்கள். எப்படி? சுடுவதை விட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். 1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் குடாவில் வெடி போட்டு, படகுகளால் விரட்டி, வலைக்குள் தள்ளிய வேட்டையில் குட்டிகள் மூழ்கிச் செத்தன. வெளியே தெரியக்கூடாதென்று அவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல்லைக் கட்டி மூழ்கடித்தார்கள். அன்று பிடிபட்ட டோக்கிட்டே என்ற குட்டி, மயாமியில் ஒரு தொட்டிக்குள் ஐம்பது வருஷத்துக்கு மேல் வித்தை காட்டி 2023 ஆகஸ்டில் இறந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தெற்கத்திக் குடும்பங்கள் இழந்தது நாற்பதுக்கும் மேல். பெரும்பாலும் இளசுகள்.

இந்த வியாபாரம் ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: கடலில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, பத்துப் பிடித்தால் என்ன? 1971இல் மைக்கேல் பிக் என்ற அரசு விஞ்ஞானி அந்த நம்பிக்கையைச் சோதித்தார். கலங்கரை விளக்கக் காவலர்கள், மீனவர்கள், படகுக்காரர்கள் என்று கடற்கரை முழுக்கப் படிவம் அனுப்பி, குறிப்பிட்ட நாளில் பார்த்த ஆர்காக்களை எழுதச் சொன்னார். ஆயிரக்கணக்கில் இல்லை, சில நூறுதான் என்று தெரிந்தது. அடுத்ததாக அவரும் கூட்டாளிகளும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். முதுகுத் துடுப்பின் வெட்டுகள், அதற்குப் பின்னால் சேணம் போட்டதுபோல இருக்கும் சாம்பல் திட்டு. இரண்டையும் வைத்து ஒவ்வொரு ஆர்காவையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்று நிரூபித்தார்கள். 'ஆயிரம் ஆர்கா' என்பது ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததன் மயக்கம்.

1976இல் ஒலிம்பியா நகரத்தை ஒட்டிய பட் குடாவில் நடந்த வேட்டையை மக்கள் கரையில் நின்று பார்த்துக் கொதித்தார்கள். மாநில அரசு நீதிமன்றம் போனது. வலைவீசிப் பிடிக்கும் வியாபாரம் அதோடு முடிந்தது. மக்களின் கோபத்தோடு பிக்கின் எண்களும் சேர்ந்துதான் இதைச் சாதித்தன. எண் ஒன்று வந்தது, அதைக் கேட்டு ஒரு கை நின்றது. கண்காணிப்பு என்றால் எனக்கு இதுதான் இலக்கணம்.

3

அதன் பிறகான ஐம்பது வருஷத்தில் இந்தக் கடற்கரையில் எது பெருகியது, எது பெருகவில்லை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.

கூன்முதுகுத் திமிங்கலங்கள், அதாவது ஹம்ப்பேக். வான்கூவர் தீவின் கோல் ஹார்பரில் இருந்த திமிங்கல வேட்டை நிலையம் 1967இல் மூடப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான் வட பசிபிக்கில் ஹம்ப்பேக் வேட்டை தடைசெய்யப்பட்டது. சாலிஷ் கடலில் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அவற்றைக் காண்பதே அபூர்வம். 1997இல் ஒரு பெண் ஹம்ப்பேக் வந்தது. அடுத்தடுத்த வருஷங்களிலும் வந்தது, குட்டிகளோடு வந்தது. 'பிக் மாமா' என்று பெயர் வைத்தார்கள். இன்று அதே கடலில் நூற்றுக்கணக்கில் ஹம்ப்பேக்குகள். காரணம், கொல்வதை நிறுத்தினோம்.

அடுத்தது பிக்ஸ் ஆர்காக்கள். மைக்கேல் பிக் பெயரையே சூட்டிய இவை, கடல்நாய் போன்ற பாலூட்டிகளைத் தின்பவை. தெற்கத்திகளோ மீன் மட்டுமே தின்பவை. ஒரே கடலில் இருந்தாலும் இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இரண்டும் வேறு வேறு இனம் என்றே 2024இல் ஆய்வாளர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். கடல்நாய்களைக் கொன்றால் சன்மானம் என்றிருந்த காலம் 1970களோடு முடிந்தது. கடல்நாய்கள் பெருகின, அவற்றைத் தின்னும் ஆர்காக்களும் பெருகின. காரணம், அவற்றின் சாப்பாட்டில் கைவைப்பதை நிறுத்தினோம்.

வடக்கத்தி ஆர்காக்களும் மீன் தின்பவைதான். வான்கூவர் தீவின் வடகிழக்கே ராப்சன் பைட் குடாவில் இவை வழவழப்பான கூழாங்கற்களில் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வருகின்றன. ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள், 1982இல் அந்தக் குடா பாதுகாக்கப்பட்ட பகுதியானது. பெரிய துறைமுகங்களிலிருந்து விலகி வாழும் இவை இன்று 300ஐத் தாண்டிவிட்டன.

தெற்கத்திகள் மட்டும் 74.

அவற்றுக்கு என்ன தேவை என்பது ரகசியமா? கோடையில் இவற்றின் உணவில் பெரும்பங்கு சினூக் சால்மன். கொழுத்த, பெரிய மீன். அது குறைந்துவிட்டது. 2008 முதல் 2014 வரையிலான மலமாதிரிகளில் ஹார்மோன்களை அளந்த ஆய்வு, கருவுற்றவற்றில் 69 சதவீதம் குட்டி தக்கவில்லை என்று 2017இல் சொன்னது. பட்டினிதான் முக்கியக் காரணம் என்றும் சொன்னது. பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கிறது. அந்தக் கொழுப்பில் பழைய தொழிற்சாலை நஞ்சுகள் தேங்கியிருக்கின்றன. மூன்றாவது, சத்தம். ஆர்கா கண்ணால் வேட்டையாடுவதில்லை, காதால். ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டு மீனைத் தேடுகிறது. கப்பல் இரைச்சல் அந்தக் காதை அடைக்கிறது. 400 கெஜத்துக்குள் படகு வந்தால் பெண் ஆர்காக்கள் இரை தேடுவதையே விட்டுவிடுவதாக 2021இல் வந்த ஆய்வு காட்டியது.

மீன், நஞ்சு, சத்தம். மூன்றுமே தெரியும், இருபது வருஷமாகவே தெரியும். கனடா இவற்றை அழியும் நிலையில் உள்ளவை என்று 2003இலும், அமெரிக்கா 2005இலும் பட்டியலிட்டன. 'மேலும் தரவு தேவை' என்று இனியும் ஒரு அமைச்சர் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்: முடிவெடுக்கப் பிடிக்கவில்லை.

4

இனி எண்ணிக்கை தோற்ற கதை. இது நடந்தது நான் குடியிருக்கும் பர்னபியில்.

ஆல்பர்ட்டாவின் எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுவரும் டிரான்ஸ் மவுன்டன் குழாய் பர்னபியின் வெஸ்ட்ரிட்ஜ் முனையத்தில் முடிகிறது. அந்தக் குழாயை விரிவாக்கினால், மாதத்துக்குச் சுமார் 5 டேங்கர்கள் என்றிருப்பது 34 வரை உயரலாம் என்பது திட்டம். அந்த டேங்கர்கள் போகும் பாதை, தெற்கத்தி ஆர்காக்களின் நடுவீடு. 2018இல் கனடா அரசு அந்தக் குழாயை 450 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதே ஆகஸ்டில், ஸ்லெய்ல்-வாட்டுத் பூர்வகுடியினரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்ட அனுமதியை ரத்து செய்தது. காரணங்களில் ஒன்று: கடலில் போகும் கப்பல்களின் பாதிப்பை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டது தவறு.

அந்தச் சமயம் உலகம் முழுக்க ஒரு ஆர்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜே35, தாலேக்வா. 2018 ஜூலை 24 அன்று பிறந்து அரைமணி நேரத்தில் இறந்த குட்டியை, மூக்கால் தாங்கியபடி 17 நாள் சுமந்தாள். சுமார் 1,600 கிலோமீட்டர். நம் ஃபேஸ்புக்கிலும் அந்தப் படம் சுற்றியது, கவிதைகள் வந்தன, 'தாய்மை' என்று கண்ணீர் விட்டோம். அந்தக் குட்டி செத்தது பற்றியும், ஏன் குட்டிகள் தக்குவதில்லை என்பது பற்றியும் எழுதியவர்கள் கொஞ்சம் பேர்.

இனி வரிசையாகப் பாருங்கள். 2018இல் கனடாவின் அமைச்சர்களே இந்த ஆர்காக்களின் பிழைப்புக்கு உடனடி ஆபத்து இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அதே வருஷக் கடைசியில் அமைச்சரவை, அவசர ஆணை பிறப்பிக்க முடியாது என்று முடிவெடுத்தது. 2019 பிப்ரவரியில் தேசிய எரிசக்தி வாரியம், நீதிமன்றம் சொன்னபடி மறுபடி ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதில் தெளிவாக இருந்தது: இந்தத் திட்டத்தின் கப்பல் போக்குவரத்து தெற்கத்தி ஆர்காக்களுக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைவிக்கும், அவற்றோடு பிணைந்த பூர்வகுடிப் பண்பாட்டுக்கும் கேடு விளைவிக்கும். அடுத்த வரி: ஆனாலும் திட்டம் நாட்டு நலனுக்கு உகந்தது, அனுமதிக்கலாம். 2019 ஜூன் 17 அன்று நாடாளுமன்றம் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. மறுநாள், ஜூன் 18, அமைச்சரவை குழாய்க்கு அனுமதி கொடுத்தது. 2024 மே மாதம் எண்ணெய் ஓடத் தொடங்கியது. 2024இன் கடைசியில் தாலேக்வா இன்னொரு குட்டியை இழந்து, அதையும் பல நாட்கள் சுமந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த 2019 அறிக்கையை நான் ஒரு வகையில் மதிக்கிறேன். இந்த விவகாரத்தில் உண்மையை மறைக்காமல் சொன்ன ஆவணம் அதுதான். கேடு வரும், தெரிந்தே செய்கிறோம் என்றது. மற்றவர்களெல்லாம் அந்த இரண்டாவது வாக்கியத்தை முழுங்கிவிட்டு, 'கண்காணிப்பை வலுப்படுத்துகிறோம்' என்று அறிக்கை விடுகிறார்கள்.

டேங்கர் மொத்தக் கப்பல்களில் சின்னப் பங்குதானே என்பார்கள். சரக்குக் கப்பல்காரரும் அதையே சொல்வார். படகுச் சுற்றுலாக்காரரும் மீன்பிடிக்காரரும் அணைக்கட்டு நிர்வாகமும் அதையே. எல்லோருடைய பங்கும் சின்னதுதான். கூட்டிப் பார்த்தால் ஒரு குட்டி தக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் லட்சணம் இதேதான். கொலம்பியா ஆற்றின் கிளையான ஸ்னேக் ஆற்றில் நான்கு அணைகள் சினூக் சால்மனின் வழியில் நிற்கின்றன. கே, எல் கூட்டங்கள் குளிர்காலத்தில் அந்த ஆற்று முகத்துவாரத்துக்கு மீன் தேடி வருவது பதிவாகியிருக்கிறது. அணைகளை எடுப்பதா வேண்டாமா என்று பல பத்தாண்டு வழக்குகளுக்குப் பிறகு 2023 டிசம்பரில் பூர்வகுடிகளோடு ஒரு ஒப்பந்தம் வந்தது. 2025 ஜூனில் புதிய அதிபர் ஒரு கையெழுத்தில் அதிலிருந்து விலகினார். அந்தக் கையெழுத்துக்கு எந்தத் தரவுத்தளமும் தடையாக இருக்கவில்லை.

5

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

எங்கள் வேலையில் ஆன்-கால் என்று ஒன்று உண்டு. நடுராத்திரி சர்வர் விழுந்தால் யாருடைய போன் அடிக்க வேண்டும் என்ற முறை. அதில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது இது: ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத அலர்ட்டைத் தூக்கிப்போடு. ஏன் தெரியுமா? யாரும் எதுவும் செய்யாத எச்சரிக்கை, 'எச்சரிக்கை என்றால் எதுவும் செய்ய வேண்டாம்' என்று எல்லோருக்கும் பழக்கிவிடும். அதைவிட மௌனம் மேல்.

சாலிஷ் கடலில் இன்று என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கடலடியில் ஹைட்ரோஃபோன்கள். ஆர்காசவுண்ட் தளத்தில் போய் அவற்றை யார் வேண்டுமானாலும் நேரலையில் கேட்கலாம். இரவு வேலை நாட்களில் நானும் காதில் மாட்டிக்கொள்வேன். பெரும்பாலும் கேட்பது கப்பல் எஞ்சின். ஆர்கா குரல் வந்தால் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் இருக்கிறது, தன்னார்வ நிரலாளர்கள் எழுதியது. 2018 முதல், திமிங்கலம் பார்த்த தகவலைக் கப்பல் மாலுமிகளுக்கு உடனுக்குடன் அனுப்பும் எச்சரிக்கை முறையும் இயங்குகிறது. ஹேரோ நீரிணையில் கப்பல்கள் வேகத்தைக் குறைக்கும் திட்டம் 2017 முதல் நடக்கிறது. பெரும்பாலான கப்பல்கள் ஒத்துழைக்கின்றன, இரைச்சலும் குறைகிறது. நல்ல விஷயம்தான், பாராட்டுகிறேன்.

ஆனால் எச்சரிக்கை வந்தால் மாலுமி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டுமா? இல்லை, அவர் விருப்பம். நீரிணையில் மெதுவாகப் போவது? அதுவும் தன்னார்வம். வாஷிங்டன் மாநிலத்தில் 2025 முதல் சிறு படகுகள் தெற்கத்தி ஆர்காக்களிடமிருந்து 1,000 கெஜம் தள்ளி இருக்க வேண்டும் என்பது சட்டம். தன் தடத்தில் போகும் பெரிய சரக்குக் கப்பலுக்கு அந்தச் சட்டம் இல்லை. சின்னவனுக்குச் சட்டம், பெரியவனுக்கு வேண்டுகோள். இதை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம், இல்லையா?

இதற்கு நடுவில் என் துறையின் புதிய மோகம் ஒன்று: திமிங்கலங்களோடு பேசுவது. 2021இல் அலாஸ்காவில் 'ட்வெய்ன்' என்ற ஹம்ப்பேக்கிடம் ஆய்வாளர்கள், முன்பே பதிவு செய்த ஒரு ஹம்ப்பேக் அழைப்பொலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். அவள் படகைச் சுற்றிவந்து 20 நிமிடம் பதில் கொடுத்தாள். 2023இல் ஆய்வு வெளியானதும் 'திமிங்கலத்தோடு உரையாடல்' என்று தலைப்புகள். ஆய்வில் தப்பில்லை, அதைச் செய்தவர்கள் அடக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். அதைச் சுற்றிக் கிளம்பிய கூச்சல்தான் எனக்குப் பிரச்சினை. திமிங்கல மொழியை மொழிபெயர்த்துவிட்டால் மனிதர்களின் மனசு மாறிவிடுமாம். அவை என்ன சொல்லும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? 'பசிக்கிறது, சத்தத்தைக் குறை' என்பதற்கு மேல்? அதை அவற்றின் மலத்திலிருந்தே படித்தாயிற்று. ஒரு குடும்பம் தன் குரலைத் தானே கேட்க முடியாத கடலில், அதோடு நாம் பேசுவதற்கு ஸ்பீக்கர் இறக்குவதை என்னவென்று சொல்வது?

6

எதிர்வாதம் எனக்குத் தெரியும். கண்காணிப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே எழுத முடியாதே என்பீர்கள். சரிதான். அதற்கு ஸ்பிரிங்கரைவிட நல்ல சாட்சி கிடையாது.

2002 ஜனவரியில் சியாட்டில் பக்கம், படகுகள் போய்வரும் தடத்தில் ஒரு ஆர்காக் குட்டி தனியாக மெலிந்து அலைந்தது. ஆர்காக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வட்டார வழக்கில் பேசுகின்றன. மதுரைத் தமிழும் கொங்குத் தமிழும் மாதிரி. இதை ஜான் ஃபோர்ட் என்ற ஆய்வாளர் பல வருஷம் கேட்டுப் பதிவு செய்திருந்தார். குட்டியின் குரலைக் கேட்டதும் இது தெற்கத்தி இல்லை, வடக்கத்தி, அதிலும் ஏ4 குடும்பம் என்று தெரிந்துவிட்டது. ஏ73, தாயை இழந்தது. ஜூலையில் படகில் ஏற்றி வடக்கே ஜான்ஸ்டன் நீரிணைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மண்ணின் நம்கிஸ் பூர்வகுடியினர் அதை வரவேற்றார்கள். உறவுக்காரக் குடும்பங்கள் அந்தப் பக்கம் வந்தபோது திறந்துவிட்டார்கள். சேர்ந்துகொண்டாள். 2013இல் குட்டி போட்டாள்.

இந்தக் கதையைப் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கண்காணிப்பின் வெற்றி என்று. ஆனால் அது வெற்றியானது எந்த இடத்தில்? குரலை அடையாளம் கண்ட பிறகு இரண்டு நாடுகளின் அரசுகள் பணம் ஒதுக்கி, படகு ஏற்பாடு செய்து, பொறுப்பெடுத்துச் செயல்பட்ட இடத்தில். குரலை அடையாளம் கண்டுவிட்டு, தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டு, 'தொடர்ந்து கவனித்து வருகிறோம்' என்று சொல்லியிருந்தால் அவள் அந்தக் கோடையிலேயே செத்திருப்பாள்.

பார்ப்பதற்கும் விலை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்95, நைஜல். இருபது வயது ஆண். 2016 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் அவன் துடுப்பில் ஈட்டிமுனையால் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினார்கள். குளிர்காலத்தில் எங்கே போகிறான் என்று அறிய. அடுத்த மாதக் கடைசியில் அவன் உடல் வான்கூவர் தீவின் மேற்குக் கரையோரம் கிடைத்தது. கருவியின் உடைந்த முனைகள் உடம்பிலேயே தங்கி, அந்த வழியாகப் புகுந்த பூஞ்சைத் தொற்று சாவுக்குக் காரணமாகியிருக்கிறது. அதோடு அந்த வகைக் கருவி பொருத்துவதை நிறுத்தினார்கள். இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற தரவை அலமாரியில் அடுக்குவது எனக்கு அறமாகத் தெரியவில்லை. மாறாக, நான் முன்னால் சொன்ன கருச்சிதைவு ஆய்வுக்கு மலமாதிரிகளைத் தேடிக்கொடுத்தவற்றில் டக்கர் என்ற நாயும் ஒன்று. படகின் முன்முனையில் நின்று காற்றில் மோந்து, ஆர்காக்களை நெருங்காமலேயே மிதக்கும் மலத்துக்கு வழிகாட்டியது. ஒரு நாய் தன் வேலையை முழுசாகச் செய்தது. அதைப் படித்த அமைச்சர்கள் செய்யவில்லை.

7

'சரி, தெற்கத்திகள் கதை முடிந்தது, ஹம்ப்பேக்குகளாவது பிழைத்தனவே' என்று ஆறுதல் தேடுகிறவர்களுக்காக இன்னொரு கணக்கு.

ஹம்ப்பேக் முக்குளிக்கும்போது வால் மேலே எழும். அதன் அடிப்பக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களையும் ஆய்வாளர்களின் படங்களையும் சேர்த்து ஹேப்பிவேல் தளத்தின் நிரல் ஒப்பிடுகிறது. என் தொழில் இந்தக் கடலுக்குச் செய்த ஆகச் சிறந்த உதவி அது என்பேன். 2024இல் அந்தப் படங்களிலிருந்து வந்த ஆய்வு இதைச் சொன்னது: வட பசிபிக் ஹம்ப்பேக்குகள் 2012இல் ஏறத்தாழ 33,500. 2021இல் ஏறத்தாழ 26,700. ஒன்பது வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 2014 முதல் 2016 வரை கடல் கொதித்த வெப்ப அலையில் இரை அழிந்து, பட்டினி.

வேட்டையை நிறுத்தியதால் மீண்டவை, நாம் சூடாக்கிய கடலில் திரும்பவும் சாகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹம்ப்பேக்குகளில் கிட்டத்தட்டப் பாதியின் உடம்பில் மீன்பிடிக் கயிறுகள் அறுத்த தழும்பும் இருக்கிறது. வடக்கே கிட்கா பூர்வகுடியினர் பல வருஷமாக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஹம்ப்பேக்குகளைப் பதிவு செய்யும் கால்வாய்களின் வழியாகத்தான், 2025 ஜூனிலிருந்து கிட்டிமாட் துறைமுகத்தின் திரவ எரிவாயுக் கப்பல்கள் போகத் தொடங்கியிருக்கின்றன. தெற்கே எண்ணெய், வடக்கே எரிவாயு. இரண்டையும் எரித்துத்தான் கடலைச் சூடாக்குகிறோம். அதே கப்பல்களுக்குத்தான் திமிங்கல எச்சரிக்கையும் அனுப்புகிறோம்.

நான் கேட்பது புரட்சி இல்லை. ஆன்-கால் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். எண்ணிக்கை இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் இன்னது தானாக நடக்கும் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதுங்கள். சினூக் வரத்து இவ்வளவு குறைந்தால் இந்த வருஷம் மீன்பிடிப்பு கிடையாது. இரைச்சல் இவ்வளவு தாண்டினால் அடுத்த கப்பல் காத்திருக்கும். எச்சரிக்கை வந்தால் வேகத்தைக் குறைப்பது கடமை, மீறினால் அபராதம். இந்தக் கோடுகளைப் போடும் மேசையில், அந்தக் கடலை ஆயிரக்கணக்கான வருஷமாகக் கண்காணித்துவரும் பூர்வகுடிகளுக்குக் கருத்துச் சொல்லும் நாற்காலி போதாது, தடுக்கும் அதிகாரம் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குழு போட்டு ஆராயும் வரை ஆர்காக்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போட முடியாது.

இதெல்லாம் பொருளாதாரத்துக்குக் கட்டுப்படியாகாது என்றால், அதையாவது வாய்திறந்து சொல்லுங்கள். 'இந்த 74 உயிர்களைவிட இந்த 34 டேங்கர்கள் எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லிவிட்டுத் தேர்தலில் நில்லுங்கள். மக்கள் ஒருவேளை உங்களுக்கே ஓட்டுப் போடலாம், ஜனநாயகம்தானே. ஆனால் அந்த முடிவை எடுத்துவிட்டு, இன்னொரு ஹைட்ரோஃபோனுக்கு நிதி ஒதுக்கி ரிப்பன் வெட்டாதீர்கள்.

வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் என் தொழிலில்தான் இருப்பீர்கள். திமிங்கலம், யானை, காடு, ஆறு எதற்காவது ஒரு கண்காணிப்புச் செயலி செய்யலாம் என்று யாராவது உங்களிடம் ஆர்வமாக வந்தால், மறுக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த எண் சிவப்பானால் யார் போன் அடிக்கும்? பதில் வரவில்லை என்றால், நிரல் எழுதுவதை ஒத்திவைத்துவிட்டு, முதலில் அந்த ஆளைத் தேடுங்கள்.